கேட்கத் தெரிந்தவர்கள்

ஐப்பசி மழைக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், வேதாரண்யத்துக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு ஒன்றை நைலான் கயிற்றின் நுனியில் முடிந்து, இரண்டு சுழற்றுச் சுழற்றி, வேப்பமரத்தின் கவட்டைக்குள் என் நண்பர் எறிந்தார். குண்டு எந்தக் கிளையிலும் சிக்காமல் மறுபுறம் இறங்கியது. அந்தக் கயிற்றோடு ஒரு செப்புக் கம்பி மேலே ஏறியது; எதிரே நின்ற புங்கமரத்தில் இன்னொரு கம்பி ஏறியது; இரண்டுக்கும் நடுவிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று இறங்கி வந்து, பள்ளித் தாழ்வாரத்து மேஜையில் இருந்த வானொலிப் பெட்டிக்குள் நுழைந்தது. பக்கத்தில் ஒரு கார் பேட்டரி, ஒரு நோட்டுப் புத்தகம், சீவி வைத்த மூன்று பென்சில்கள். ஹாம் என்று உலகெங்கும் அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள், புயல் வராத நாளில் புயலுக்காகச் செய்துகொள்ளும் பயிற்சிக்கான ஏற்பாடு இவ்வளவே. கச்சேரிக்குப் போகிறவன் வித்வானின் விரல்களைப் பார்ப்பதுபோல் இவர்களுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது பல வருஷங்களாக எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ரசனை கம்பியிலேயே தொடங்குகிறது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். அதில் பாதியை இரண்டு கைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு கைக்கும் பத்து மீட்டரை ஒட்டிய கம்பி வேண்டும். ஆனால் தேர்ந்தவர் அந்த அளவுக்கு உடனே வெட்டிவிடுவதில்லை. நல்ல தையற்காரர் துணியை உள்ளே மடித்து விடுவதுபோல ஒரு சாண் கூடுதலாக விட்டு, மரத்தில் ஏற்றி, அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மீட்டரில் பார்த்து, இறக்கி, இரண்டு விரற்கடை நறுக்கி, மறுபடியும் ஏற்றிப் பார்க்கிறார். ஈர மண்ணும் பக்கத்துத் தகரக் கூரையும் கணக்கை மாற்றிவிடும் என்பதை அவர் கை அறிந்திருக்கிறது.

அதைவிட நுட்பமானது உயரம். பள்ளிக்கு அருகில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்க, கம்பியை ஏன் இவ்வளவு தாழக் கட்டினார் என்று கேட்டேன். தூரதேசத்தோடு பேச ஆசைப்படுகிறவர்கள்தாம் கம்பியை உயர உயரக் கொண்டுபோவார்களாம். அலை தரையை ஒட்டிச் சாய்வாகக் கிளம்பி, வானத்தில் பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும். நடுவில் இருக்கும் பக்கத்து மாவட்டம் அதற்குச் செவிடு. கம்பியைத் தாழ்த்தினாலோ அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், பூமிக்கு மேல் சுமார் 300 கிலோமீட்டரில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, மழையைப்போல் சுற்றிலுமுள்ள பிரதேசமெங்கும் இறங்குகிறது. எத்தனையோ இரவுகளில் பிரேசிலையும் ஜப்பானையும் பிடித்து மகிழ்ந்த மனிதர், திருத்துறைப்பூண்டியும் திருவாரூரும் தம்மைக் கேட்கவேண்டும் என்பதற்காகத் தம் கம்பியை மனமுவந்து தாழ்த்திக் கட்டிய அந்தக் காரியத்தை, இந்தக் கலையின் மிகச் சிறந்த அம்சமாக நான் மதிக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இதே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, செல்பேசிகள் கையில் வெறும் கண்ணாடித் துண்டுகளாகிப் போனதை இவ்வூரார் மறக்கவில்லை. இரு மரங்களும் ஒரு பேட்டரியும் இருந்தால் பேசலாம் என்னும் வித்தையின் அருமை அப்போதுதான் பலருக்கும் புலப்பட்டது.

இப்பயிற்சியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் போர்ட் பிளேர் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தமானில் பல ஆண்டுகளாக அமெச்சூர் ஒலிபரப்புக்கு அனுமதி இல்லாதிருந்தபடியால், அத்தீவிலிருந்து ஒரு குரல் கேட்காதா என்று உலகத்து ஹாம்கள் ஏங்கியிருந்தார்கள். 2004 டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அனுமதி பெற்று அங்கே சென்றது. அவர்கள் போனது பொழுதுபோக்குக்காகவே: நூற்றுக்கணக்கானவர் ஒரே சமயத்தில் கூப்பிடும் இரைச்சலிலிருந்து ஒரு மெல்லிய குரலைப் பிரித்தெடுத்து, அதன் பெயரைச் சரியாகச் சொல்லி, ஒரே மூச்சில் பதில் கொடுத்து, அடுத்ததைப் பிடிப்பது. டிசம்பர் 26 காலையில் பூமி அதிர்ந்து, கடல் ஏறியது. அவர்கள் விளையாட்டை அந்த க்ஷணமே நிறுத்திவிட்டு, யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே என்ன வேண்டும் என்ற சேதிகளைப் பெருநிலப்பரப்புக்குக் கடத்தத் தொடங்கினார்கள். இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் அவருடைய தோழர்களும் அம்பாந்தோட்டைப் பக்கத்தில் அதே தொண்டைச் செய்தார்கள். அன்று அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. முதல்நாள் வரை விளையாட்டில் கூர்மையான அதே செவிதான் மறுநாள் வேலை செய்தது.

பள்ளி மைதானத்தில் நான்கரை மணிக்குப் பயிற்சி ஆரம்பமாயிற்று. இவர்கள் நெட் என்று சொல்லும் அந்தக் கூட்டத்தில் பதினோரு நிலையங்கள்; நடத்துகிறவர் என் நண்பர். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரியவரைப் பார்த்திருக்கிறோம்: அவர் தாமே பரிமாறுவதில்லை, அதிகம் பேசுவதுமில்லை, எந்த இலையில் ரசம் வரவில்லை, எந்தக் குழந்தை அப்பளத்துக்கு ஏங்குகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். நெட் நடத்துகிறவருக்கும் அதுவே இலட்சணம். ஒவ்வொரு நிலையத்தையும் அதன் அழைப்புக் குறியால் கூப்பிட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு, இருவருக்குள் சேதி இருந்தால் அவர்களை வேறு அலைவரிசைக்கு அனுப்பிவிட்டு, பாதையை மற்றவர்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அவர் இரண்டு விநாடி பேசாமல் இருப்பதைக் கவனித்தேன். பேசிக்கொண்டே போனால், அவசரச் சேதியோடு காத்திருக்கும் பலவீனமான குரல் எங்கே நுழையும்? அந்த இரண்டு விநாடி நிசப்தத்தை வைத்தே ஒருவருடைய தேர்ச்சியை நான் எடை போடுவேன்.

எண்களைச் சொல்லும் முறையிலும் ஓர் அழகு உண்டு. நம் மொழியில் இருநூறுக்கும் அறுநூறுக்கும் உள்ள வித்தியாசம் முதல் இரண்டு எழுத்துகள்தான். இடியும் மின்னலும் கலந்த இரைச்சலில் அந்த எழுத்துகள் அடிபட்டுப் போய்விட்டால், அறுநூறு பேருக்கு இருநூறு பொட்டலம் சோறு வந்து சேரும். ஆகையால் இவர்கள் ‘இரண்டு, பூஜ்யம், பூஜ்யம்’ என்று தனித்தனியாக, ஒரே நிதானத்தில் சொல்லுகிறார்கள்; மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லுகிறார்; சேதியின் தலையில் அதிலுள்ள சொற்களின் எண்ணிக்கையும் இருப்பதால், ஒரு சொல் விழுந்தாலும் தெரிந்துவிடும். அலங்காரமே இல்லாத இந்தப் பேச்சைக் கேட்டுப் பழகியபின், நம்முடைய அன்றாடச் சம்பாஷணை எனக்குச் சில சமயம் மிகவும் ஊதாரித்தனமாகப் படுகிறது.

ஐந்தரைக்கு மேல் வெயில் சாய்ந்தது. வானமும் மாறத் தொடங்கியது. சூரியன் இறங்க இறங்க அயனி மண்டலம் மெலிந்து, நேராக மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை திரும்பி வராமல் ஊடுருவிச் சென்றுவிடும். பக்கத்து ஊர்கள் மறைந்து, எங்கோ இருக்கும் ஊர்கள் கேட்கத் தொடங்கும். அப்போது எல்லோரும் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கவேண்டும் என்று முன்னரே ஏற்பாடு. அதற்குரிய இரட்டிப்பு நீளக் கம்பியை இரண்டு இளைஞர்கள் ஏற்றிக்கொண்டிருக்க, நண்பர் கடைசித் தடவையாக நிலையங்களைக் கூப்பிட்டார். பத்துப் பேர் பதில் சொன்னார்கள். பதினோராவது நிலையம் பேசவில்லை.

மறுபடி கூப்பிட்டார். இரைச்சல், அதற்குப் பின்னால் ஏதோ அந்நிய பாஷையின் அலை. மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். குரல் முழுகிப்போகும் இடத்திலும் மோர்ஸ் தந்தியின் ஒற்றை நாதம் தலைதூக்கி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரிந்திருக்குமல்லவா? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வலது கை மட்டும் பென்சிலை எடுத்து, தயங்கித் தயங்கி, ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று எழுதத் தொடங்கியது. கையெழுத்தைப்போலவே தந்தி அடிப்பதிலும் ஆளுக்கு ஒரு சாயல் உண்டு. பாதி எழுதுமுன்பே, “அவர்தான்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு காதைச் சாய்த்துக் கேட்டபோது, மணல் சலிப்பது போன்ற அந்த இரைச்சலுக்கு அடியில், கொசுவின் ரீங்காரம் அளவே இருந்த ஒரு நாதம், குட்டையும் நெட்டையுமாக விட்டு விட்டு ஒலிப்பது எனக்கும் பிடிபட்டது. நண்பர் மோர்ஸ் சாவியில் கை வைத்து, கிடைத்தது என்று சுருக்கமாகத் தட்டினார். நோட்டில் 6 மணி 11 நிமிடம் என்று குறித்துவிட்டு, புதிய கம்பியை இணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.