நிரப்பாமல் விட்ட இடம்

டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளி ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஒருவர் பேசிப் பதிந்த ஃபைல் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் யாரோ இருமுகிறார்கள், ஒரு டிராலி உருண்டு போகிறது. நோயாளிக்கு இரத்த அழுத்தம் அதிகம். உடம்பெல்லாம் அரிப்பும் இருக்கிறது. மருந்துப் பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார் மருத்துவர். ‘ஹைட்ரா’ என்று தொடங்கி ‘சின்’ என்று முடிகிற ஒரு பெயர் நடுவில் மென்று விழுங்கப்படுகிறது. 25 மில்லிகிராம், மூன்று வேளை என்பது மட்டும் தெளிவாக விழுகிறது. ஹைட்ராலசின் என்றால் இரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்சிசின் என்றால் அரிப்புக்கு. இரண்டுமே 25 மில்லிகிராம் மாத்திரையாக வருகின்றன. இரண்டையும் மூன்று வேளை கொடுப்பதுண்டு.

மருத்துவர் பேசிப் பதிந்ததைக் கேட்டு எழுதும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்கான வகுப்பில் முதலில் சொல்லித்தருவது, காதுக்குப் பிடிபடாததைச் சூழலை வைத்துப் பிடி என்பதைத்தான். நோய் என்ன, அளவு என்ன, எத்தனை வேளை என்று பார்த்தால் மருந்து தானாகத் தெரியும் என்பார்கள். பெரும்பாலும் தெரியவும் செய்யும். ஆனால் இந்த நோயாளியின் சூழல் இரண்டு மருந்துக்கும் சாட்சி சொல்கிறது. இந்த இடத்தில் இத்தொழில் சொல்லும் விதி எளியது: ஊகிக்காதே, பிளாங்க் விடு. அடிக்கோட்டையும் ஒலி எந்த நிமிடத்தில் எந்த நொடியில் வருகிறது என்ற குறிப்பையும் போட்டுவிட்டு மேலே போ. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நோயாளியின் ஆவணத்திலேயே பதிந்துவைக்க இடம் தருகிற இந்த விதியை, மருத்துவப் பதிவு சார்ந்த வேலைகளில் காணப்படும் மிக நேர்மையான வழக்கங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். அதே விதியை நடைமுறை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது என்பதுதான் பிரச்சினை.

முதலில் திறமையின் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். 1990களின் இறுதியில் சென்னையிலும் கோவையிலும் இந்த வேலை பரவியபோது விலங்கியல், தாவரவியல், மருந்தாக்கவியல் படித்தவர்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒலியை ஓட்டி நிறுத்தும் ஃபுட் பெடலில் கால் வைத்தார்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலையில் டாக்டர் பேசி முடித்ததை இங்கே விடிந்ததும் எடுத்து அடித்தால் அவர் காலையில் வரும்போது ரிப்போர்ட் தயார். வணிகத்துக்கு அந்த வித்தியாசம் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த நாற்காலிகளில் வளர்ந்தது வெறும் தட்டச்சு வேகம் இல்லை, ஒருவகை ஒலித் துப்பறிதல். புரியாத சொல்லில் வேகத்தைக் குறைத்துக் கேட்பது புதியவர் வழக்கம். தேறியவர் சில சமயம் வேகத்தைக் கூட்டுவார். இழுத்துப் பேசும் டாக்டரின் சொல் வேகத்தில்தான் ஒன்றுசேரும். அதிலும் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஃபைலை முடித்துத் திரும்பி வருவார். தொடக்கத்தில் விழுங்கிய சொல்லை முடிவுப் பகுதியில் டாக்டரே தெளிவாகச் சொல்லியிருக்கக்கூடும். பிறகு பக்கத்து சீட்டுக்காரரின் காது. அதற்கும் பிறகுதான் ஸ்டெட்மன் மருத்துவ அகராதியும் மருந்துப் பட்டியலும்.

உச்சரிப்பைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் பேசுவதெல்லாம் அமெரிக்க இழுவையைப் பற்றித்தான். உள்ளே இருப்பவர்களுக்கு நிலவரம் வேறு. டெக்சாசில் வேலை பார்க்கும் ஆந்திர டாக்டரின் ஆங்கிலம் சென்னைக் காதுக்குச் சர்க்கரை. டெக்சாசிலேயே பிறந்து வளர்ந்தவர் பேசும்போதுதான் பெடல் தேய்கிறது.

காதால் தீராதவை சில உண்டு. சிறுகுடலின் கடைப்பகுதியும் இடுப்பெலும்பின் மேற்பகுதியும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி: இலியம். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. இங்கே சூழல் கைவிடாது. எலும்பு முறிவைப் பற்றிப் பேசும்போது குடல் வர வாய்ப்பில்லை. விழுங்க முடியாமைக்கும் பேச்சுக் கோளாறுக்கும் உள்ள டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியா அவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் பக்கவாத நோயாளிக்கு இரண்டுமே இருக்கலாம். மருந்துப் பெயர்களில் இந்த ஆபத்தை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. லோசெக் என்ற வயிற்றுப்புண் மருந்து லேசிக்ஸ் என்ற இன்னொரு மருந்தோடு குழம்பியதால் 1990இல் அமெரிக்காவில் பிரைலோசெக் ஆனது. பிரிலிண்டாவோடு குழம்பிய பிரிண்டெலிக்ஸ் 2016இல் டிரிண்டெலிக்ஸ் ஆனது. குழப்பம் தரும் பெயர்களில் வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக அச்சிடும் முறையும் வந்தது. அது மருந்துக்கடைக்காரரின் கண்ணுக்கு உதவுகிறது. ஹெட்ஃபோனில் பெரிய எழுத்து கிடையாது.

மருத்துவரின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்ப்பது, அதாவது சாம்பிள் தேடுவது, எல்லோரும் மெச்சும் இன்னொரு உத்தி. ஒரு எலும்பு மருத்துவர் வழக்கமாக எந்தக் கம்பெனியின் செயற்கை மூட்டைப் பொருத்துவார், எந்த வாக்கியத்தில் அறுவைக் குறிப்பை முடிப்பார் என்பதெல்லாம் அதில் கிடைத்துவிடும். எனக்கு இதில்தான் நம்பிக்கை குறைவு. முதன்முதலில் கேட்டவர் தவறாக ஊகித்து எழுதினால் அந்த ஊகம் சாம்பிளாகிறது. அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார். மூன்றாமவருக்கு இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. ஆறு மாதத்தில் அது அந்த டாக்டரின் சொல்லாகவே ஆகிவிடும். கேட்பது போல் இருப்பதும் முன்பு எழுதியிருப்பதும் ஒத்துப்போனால் சந்தேகமே எழாது. சாம்பிள் ஒரு சொல்லை நினைவூட்டலாம். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேறுபாட்டை எந்தப் பயிற்சிக் கையேடும் போதிய அழுத்தத்தோடு சொல்வதாகத் தெரியவில்லை.

இனி, பிளாங்க் விதியின் அரிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம். கூலி வரிக்கணக்கில். வரி என்பது வழக்கமாக 65 எழுத்துகள். ஒரு மங்கிய சொல்லோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினால் கிடைப்பது அந்தச் சொல்லின் நீளத்துக்கான காசு. மறுபுறம், பிளாங்க் விட்ட ஃபைல் நேராக மருத்துவமனைக்குப் போகாமல் க்யூ.ஏ. எனும் தரச் சரிபார்ப்பு மேசைக்குப் போகும், நேரம் பிடிக்கும், அதற்குள் டி.ஏ.டி. எனும் ஒப்படைப்புக் கெடு நெருங்கும். பல இடங்களில் பிளாங்க் எண்ணிக்கையும் மதிப்பெண்ணைத் தொடும், க்யூ.ஏ. கேட்டுக் கண்டுபிடித்துவிட்ட பிளாங்க் என்றால் இன்னும் கூடுதலாக. ஆக விதி சொல்வது ஊகிக்காதே. சம்பளச் சீட்டு சொல்வது ஊகித்துவிடு, மாட்டினால் பார்த்துக்கொள்ளலாம். சரியாக அமைந்த ஊகத்தை யாரும் தண்டிப்பதில்லை. அதனால் ஊகிக்கும் பழக்கத்துக்குப் பரிசு கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

துறையில் பரவலாகப் பேசப்படும் அளவுகோல் 98 விழுக்காடு துல்லியம். கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்நூறு சொல் கொண்ட டிஸ்சார்ஜ் சம்மரியைச் சொல் கணக்கில் எடுத்தால் இரண்டு விழுக்காடு என்பது பத்துச் சொல். எந்தப் பத்து? இதற்காகவே உயிராபத்துப் பிழைக்கு அதிக மதிப்பெண் கழிக்கும் முறைகள் வந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்தக் கழிப்பு நடப்பது தணிக்கைக்கு எடுத்த ஃபைல்களில் மட்டும்தான்.

2008இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது ஒரே ஒரு பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டுகிறது. டயாலிசிஸ் நோயாளியான ஒரு பெண்மணி மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்பட்டார். இந்தியாவில் தட்டச்சான அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் லெவிமிர் இன்சுலின் 8 யூனிட் என்பது 80 யூனிட் என்று விழுந்திருந்தது. மருத்துவர் சரிபார்ப்பதற்கு முன்பே அந்தத் தாளை வைத்து மையத்தில் மருந்து கொடுக்கப்பட்டது. அவர் இறந்துபோனார். 2012 டிசம்பரில் ஜூரி விதித்த இழப்பீடு 14 கோடி டாலர். செய்திகளில் ‘வெளிநாட்டுத் தட்டச்சு’ என்பதே தலைப்பானது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எண்பது யூனிட் என்ற எண்ணை வழியில் ஒருவரும் நின்று கேட்கவில்லை என்பது. அடித்தவரிடமிருந்து ஊசி போட்டவர் வரை எத்தனை கை மாறியது! சிலருக்கு எண்பது யூனிட்டும் தேவைப்படும் என்பதால் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அபத்தமாகத் தோன்றாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பிளாங்க் இருந்திருந்தால் கையெழுத்துக்கு முன்பே யாராவது தொலைபேசியை எடுத்திருப்பார்கள். வழவழப்பாக அச்சான எண்ணுக்கு யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை.

வடிவமைப்பு என்றால் தலைப்பைத் தடித்த எழுத்தில் போடுவது, வரி விடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தத் தொழிலில் அதற்குள்ளேயே மருத்துவம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2004இல் எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்தை மட்டும் போடக் கூடாது; பத்துக்குப் பின்னால் அது பூஜ்யமாகத் தெரிந்து நூறாகிவிடும். மருந்தளவில் 5.0 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கினால் 50. அரை மில்லிகிராமை 0.5 என்றே எழுத வேண்டும்; முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் 5. எனவே டாக்டர் ‘ஃபைவ் பாயிண்ட் ஜீரோ மில்லிகிராம்’ என்று சொன்னாலும் கேட்டு எழுதுபவர் 5 என்றே எழுதுவார். அதே டாக்டர் பொட்டாசியம் 4.0 என்றால் பூஜ்யம் இருக்க வேண்டும், அங்கே அது ஆய்வகத்தின் துல்லியம். கட்டியின் அளவுக்கும் குழாயின் அளவுக்கும் இதே விலக்கு உண்டு. ஒரே ஒலி, இரண்டு எழுத்துமுறை. எது எங்கே என்று தெரிந்திருப்பது இத்தொழிலின் தலைசிறந்த பகுதி, எனினும் வெளியே யாருக்கும் தெரியாத பகுதி.

தையல் நூலில் இது இன்னும் வேடிக்கை. ‘டூ ஓ விக்ரில்’ என்றால் 2-0 என்ற தடிமனுள்ள நூல். பூஜ்ய எண் நூலில் இரண்டு தையல் போட்டேன் என்பதையும் அவசரத்தில் டாக்டர் ஏறக்குறைய அப்படியேதான் சொல்வார். 2-0 நூல் பூஜ்ய நூலைவிட மெல்லியது. வயிற்றுச் சுவரின் உறுதியான உறையை மூடியதா, தோலுக்கடியில் உள்ள அடுக்கை மூடியதா என்று பார்த்துத் தீர்மானிப்பார்கள். சில இடங்களில் தீர்மானிக்க முடியாது.

வடிவ விதிகளின் குறை வேறிடத்தில் இருக்கிறது: அவையே சில சமயம் ஊகத்தை உற்பத்தி செய்கின்றன. நோயறிதல் பகுதியில் சுருக்கத்தை விரித்தெழுத வேண்டும் என்பது பொது விதி. டாக்டர் ‘எம்.எஸ்.’ என்கிறார். இதயத்தின் ஒரு வால்வு குறுகிப்போவதும் எம்.எஸ்., நரம்பு மண்டல நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிசும் எம்.எஸ். முன்பின் துப்பு இல்லாத ஃபைலில் சுருக்கத்தை அப்படியே விடுவதுதான் முறை. ஆனால் விரிக்காததற்கு மதிப்பெண் கழிப்பார்களோ என்ற பயம் ஒரு நோயை நோயாளியின் தலையில் கட்டிவிடக்கூடும்.

அதைவிட மோசமானது நார்மல் டெம்ப்ளேட். ‘என் வழக்கமான உடல் பரிசோதனையைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று டாக்டர் சொன்னால், முன்பே தயாராக இருக்கும் ஒரு பத்தி முழுசாக உள்ளே வந்து உட்காரும். இடது கால் அகற்றப்பட்டவர் என்று முதல் பத்தியில் இருக்கும். இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு சீர் என்று மூன்றாம் பத்தி சொல்லும். இங்கே ஒலி தெளிவு, எழுத்துப்பிழை இல்லை, துல்லியம் நூறு விழுக்காடு. பொய் மட்டும் இருக்கிறது. தொடக்கத்தில் வலது முழங்கால், நடுவில் இடது முழங்கால் என்று டாக்டரே மாற்றிச் சொல்லும் ஃபைலிலும் இதே சங்கடம். திருத்தாமல் ஃபிளாக் செய்து அனுப்புவதே சரி. ஆனால் சொன்னதைச் சொன்னபடி அடி என்று ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர் ஃபிளாக்கையும் தொந்தரவாகவே பார்ப்பார்.

இப்போது முதல் வரைவை மென்பொருள் எழுதுகிறது. மனிதர் அதைத் திருத்துகிறார். 2018இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த ஆய்வு 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. மென்பொருளின் வரைவில் பிழை 7.4 விழுக்காடு, டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் திருத்திய பிறகு 0.4, மருத்துவர் கையெழுத்திட்ட பிறகு 0.3. இந்த மூன்று எண்களை வரிசையாகப் பார்த்தால் எந்தப் படியில் வேலை நடக்கிறது என்று தெரிகிறது. மருத்துவரின் பார்வையில் குறைந்தது வெறும் 0.1.

மென்பொருளிடம் எனக்குள்ள முதன்மையான மனக்குறை பிழை விகிதத்தைப் பற்றியது கூட இல்லை. அது பிளாங்க் விடுவதில்லை. புரியாத ஒலிக்கு நெருங்கிய ஒரு சொல்லை, இலக்கணம் கெடாமல், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவைக்கும். விஸ்பர் என்ற ஒலியறி மென்பொருளை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரை, ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்ததைக் காட்டியது. வரைவைத் திருத்துபவரின் கண் ஏற்கெனவே எழுதியிருப்பதைப் படித்துவிடுகிறது. படித்த பிறகு காதுக்கும் அதுவே கேட்கிறது. வெற்றுத் திரையில் கேட்டு எழுதியவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குறை. பிளாங்க் என்பது மருத்துவரை நோக்கிய கேள்வி. அவர் ஹைட்ராலசின் என்று நிரப்பிக் கையெழுத்திட்டால் அந்தப் பதில் மருத்துவமனையின் கணினியில் தங்கிவிடுகிறது. கேட்டவருக்குத் திரும்பி வருவது அரிது. அதே டாக்டர் அடுத்த வாரம் அதே சொல்லை விழுங்குவார். அதே பிளாங்க் மறுபடி விழும், அல்லது அலுத்துப்போய் ஊகம் விழும். நிரப்பிய பிளாங்கை எழுதியவருக்குத் தானாகத் திருப்பி அனுப்புவது மென்பொருளில் கடினமான காரியமில்லை. ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி வேண்டும், அதற்கான காசை யார் கொடுப்பது என்று முடிவாக வேண்டும். வரைவைத் திருத்தும் வேலைக்கு வரிக்கூலியே நேரடியாக அடிப்பதில் ஏறக்குறைய பாதி என்றாகிவிட்ட நிலையில், அந்த வரியைக் கேட்டு வாங்கும் பேரம்பேசும் பலம் ஹெட்ஃபோன் மாட்டியவரிடம் இல்லை. கேட்கக்கூடியவர் கையெழுத்திடும் மருத்துவர் ஒருவர்தான். அவருக்கோ தான் விழுங்கிய சொல்லுக்காக ஒருவர் பத்து நிமிடம் பெடலை மிதித்தார் என்பதே தெரியாது.