செத்த காலேஜின் பதிவேடு

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய சென்னைவாசிகள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் அருங்காட்சியகம் தொடங்கியது கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்; மூன்றாண்டில் எழும்பூருக்கு மாறிய பிறகும் ‘காலேஜ்’ விடவில்லை என்பார்கள். ஆனால் அங்குள்ள செப்புத் திருமேனிக் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். யாராவது ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவருக்கு அது சாமி. பெட்டிக்குப் பொறுப்பான காப்பாட்சியருக்கோ அது முதலில் ஓர் எண்.

‘காப்பாட்சியர்’ நல்ல சொல். காப்பும் இருக்கிறது, ஆட்சியும் இருக்கிறது. காப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம்.

வேலை பெரும்பாலும் மண்ணிலிருந்து தொடங்குகிறது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது மண்வெட்டி ‘ணங்’கென்று ஒலிக்கும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதுவாக இருந்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் 1856 முதல் சிறுகச் சிறுகக் கிடைத்த 350-க்கு அருகிலான பௌத்தப் படிமங்களும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் மண்ணுக்குள்ளிருந்து வந்தவையே. வந்ததும் பதிவேட்டில் ஏறும்: எந்த ஊர், யார் நிலம், என்ன உயரம், என்ன எடை, எந்த விரல் முறிந்திருக்கிறது. பிறகு பார்வையாளர் கண்ணில் படாத மூலையில் பொடி எழுத்தில் எண்ணை எழுதுவார்கள். ஒரு பீடத்தின் பின்விளிம்பில் அப்படியொரு எண்ணைப் பார்த்திருக்கிறேன், கடுகு கடுகாய்.

இந்த வேலையைத் தொடக்கத்தில் செய்தவர்கள் கலை படித்தவர்கள் அல்லர். 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவர்; அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரிக்கப் பார்த்தவர். அந்த ஆராய்ச்சி இன்று கூசவைக்கிறது. 1920-இல் பொறுப்பேற்ற கிரேவ்லி விலங்கியலாளர், சிலந்தி வகைகளை ஆராய்ந்தவர். அவரும் டி.என்.ராமச்சந்திரனும் சேர்ந்து 1932-இல் வெளியிட்ட உலோகப் படிமங்களின் விளக்கப் பட்டியல்தான் இந்தத் துறைக்கு இங்கே அடித்தளம். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிலந்தியின் கால் மயிரை வைத்து இனம் பிரிக்கும் கண்ணுக்குப் பூணூல் விழும் விதமும், இடைக்கச்சின் முடிச்சும், தலைக்குப் பின்னாலுள்ள சிரச்சக்கரமும் தப்புமா? செப்புத் திருமேனிக்குக் காலம் சொல்லுகிறவர்கள் முன்னழகை மட்டும் பார்த்து ஏமாறுவதில்லை. முதுகுப் பக்கமும் போய்ப் பார்ப்பார்கள். நம் கூடங்களில் அந்த முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவதுதான் வேடிக்கை.

காப்பதில் பெரும்பகுதி ரசாயனம். மண்ணில் கிடந்த செம்புக்குள் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்துப் பல ஆண்டு கழித்து, ஒரு மழைக்காலத்தில், தோளிலோ மடிப்பிலோ வெளிர்பச்சை மாவு பூக்கும். தொட்டால் உதிரும். குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் செம்பைத் தின்கிறது. தின்றதில் மறுபடியும் குளோரைடு பிறக்கிறது. இதற்கு ‘வெண்கல நோய்’ என்று பெயர். ஒரு திருமேனியில் அது தெரிந்தால் கூடம் முழுவதையும் சோதிப்பார்கள், ஒரே ஈரம்தானே எல்லாவற்றின் மேலும் படிகிறது. 1930-இல் எழும்பூரில் வேதியியலாளர் பரமசிவன் பொறுப்பில் இதற்கென ஆய்வகம் தொடங்கியது. மின்னாற்பகுப்பு முறையில் அவர் படிமங்களைத் துப்புரவாக்கினார்.

தோற்ற கதையும் உண்டு. அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பப் பலகைகளை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூர் அருங்காட்சியகச் சுவரில் சிமெண்ட் வைத்துப் பதித்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். சுவரின் ஈரமும் உப்பும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிப் பல பலகைகள் பொரிந்தன. அங்கே காப்பாட்சியராக இருந்த சி.சிவராமமூர்த்தி 1942-இல் அவற்றைப் பற்றி எழுதிய நூலைப் புரட்டும்போது, அவர் கையால் வரைந்த கோட்டோவியங்களும் ஒருவகைக் காப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஆட்சி. கோயிலில் உற்சவர் பட்டும் மாலையும் சாத்தியிருப்பார். பக்தர் காண்பது முகமும் கையும்தான். அருங்காட்சியகம் பட்டைக் களைந்தது, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது, பீடத்தில் ஏற்றி விளக்குப் போட்டது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னைக்கு வந்ததே இல்லை. எழும்பூர் நடராஜர்களின் புகைப்படங்களைப் பார்த்து அவர் 1913-இல் எழுதிய கட்டுரை, அவர் இறந்தபின் 1921-இல் அச்சானது. தொடையையும் இடுப்பையும் பற்றி அவர் உருகியிருக்கிறார். மாலை சாத்திய நடராஜரிடம் அவர் எதைக் கண்டிருப்பார்? ‘சோழர் கலை’ என்று உலகம் பேசுவதில் பாதி, காப்பாட்சியர் துணியை எடுத்த நாளில் பிறந்தது. இது சரியா தவறா என்ற வழக்கில் எனக்கு இரண்டு பக்கமும் கால் உண்டு.

அதே பார்வை விலையையும் ஏற்றியது. 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு சோழ நடராஜரை வாங்கியது. கைமாறிய கதையைச் சொல்லும் தாள்கள் கூடவே வந்தன, அத்தனையும் போலி. அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடிய சிலை அது. காட்டிக்கொடுத்தவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். அந்த நிறுவனத்தார் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்து அட்டையில் ஒட்டி ஊர்ப்பெயர் எழுதி வைத்திருந்தார்கள். வாங்கும் முன் அந்த அட்டைகளைப் புரட்டியிருந்தால் போதும். இன்று உலகக் கலைக்கூடங்களில் காப்பாட்சியர் வேலையின் கனமான பகுதி இந்தப் பூர்வீக விசாரணைதான். அழகைப் பார்த்து மயங்கும் ஆள் அதற்கு ஆகமாட்டார்.

2014 செப்டம்பரில் நடராஜர் நாடு திரும்பினார். ஊர்க் கோயிலுக்குப் போகவில்லை. பூட்டும் காவலும் உள்ள கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஒரு பதிவேடு உண்டு.