ஒரு முறைதான்

அஸ்திரக் கதைகளில் என்ன இருக்கிறது, மந்திரம் சொன்னான், எதிரி மாண்டான், அவ்வளவுதானே என்று கேட்கும் ரசிகர்கள் உண்டு. பாரதத்தில் அஸ்திரத்தைவிட அதற்குள்ள நிபந்தனைதான் கதையை நடத்துகிறது என்பது என் கட்சி. இந்திரன் தந்த சக்தி ஒரே தடவைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று கர்ணன் பொத்தி வைத்திருந்த அதைக் கடோத்கஜன்மேல் எறிய நேர்கிறது. அசுவத்தாமனுக்கோ பிரம்மாஸ்திரத்தை ஏவத் தெரியும், திரும்ப அழைக்கத் தெரியாது.

தர்மபுரி மாவட்டத்துப் பாரதக் கூத்து ரசிகர்களுக்கு இதெல்லாம் அத்துபடி. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ண மோட்சம் பார்த்தேன். நாகாஸ்திரத்தை ஒரு முறைக்குமேல் விடமாட்டேன் என்று கர்ணன் குந்திக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. போரில் கண்ணன் தேரை அழுத்தினான். தலைக்கு வந்தது கிரீடத்தோடு போயிற்று. என் அருகிலிருந்த பையன் கேட்டான்: "ஏந் தாத்தா, குறி தப்பிப் போச்சே, அதுவும் விட்ட கணக்கா?"

"வில்லை விட்டுக் கௌம்புனா கணக்குதாண்டா" என்றார் கிழவர்.

அமெரிக்காவில் 1974-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்ப்பார்கள். சில பூதங்களை மந்திர ஆயுதம்தான் காயப்படுத்தும் என்பது போன்ற விதிகள் அதில் இருந்தன. விதிக்கு என்ன அர்த்தம் என்று வாதம் முற்றினால் நடுவர் சொல்வதே முடிவு. கிழவர் அங்கே சோபித்திருப்பார்.

ஆனால் பையனின் கேள்வியை வியாசரிடம் கேட்க முடியாது. அங்கே குந்தி அஸ்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தவறிய நாகம் திரும்பி வந்து, மறுபடி ஏவு என்கிறது. பிறர் பலத்தை நம்பி ஜெயிக்க மாட்டேன், ஒரே பாணத்தை இருமுறை தொடுக்க மாட்டேன் என்று கர்ணன் மறுத்துவிடுகிறான். அது வீரனின் கர்வம். அதில் வழக்குக்கு இடமில்லை. வில்லிபுத்தூராரோ தாயை வரம் கேட்க வைக்கிறார். விதியை விதித்தவள் ஒரு மனுஷி என்றானதும், அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்று நாம் யோசிக்கத் தொடங்குகிறோம். கர்ணனின் கம்பீரம் இதில் கொஞ்சம் குறைகிறது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. குறைந்தால் குறையட்டும், கதை கனக்கிறது. ஒரு முறை என்று கேட்ட குந்திக்கு அந்த ஒரு முறை தப்பும் என்று தெரியாது. கேட்கச் சொல்லி அனுப்பிய கண்ணனுக்குத் தெரிந்திருக்கும். தேரை அழுத்தப் போகிறவன் அவன்தானே! 1964-ல் வந்த 'கர்ணன்' படமும் வில்லியின் வழியில்தான் போயிற்று.