மீட்பின் விலை யாருக்கு?

மீட்பு என்ற சொல் தமிழனுக்குப் புதிதன்று. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் புறப்பட்டவன் கரந்தை சூடினான்; அந்தப் போரில் வீழ்ந்தவனுக்கு ஊரார் நடுகல் நாட்டினர். அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஒற்றி வைத்த நிலத்தை மீட்கிறோம். எங்கும் கணக்குத் தெளிவாயிருக்கிறது. பறித்தவன் யார், விலை என்ன, பெற்றுக்கொள்பவன் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

இதே சொல்லைத்தான் கிறித்தவம் தன் கோட்பாட்டின் நடுத்தூணாக நாட்டியிருக்கிறது. முதல் மனிதன் செய்த பாவம் மனிதகுலம் முழுவதையும் பற்றிற்று. அந்தக் கடனைத் தீர்க்க மனிதனால் ஆகாது. ஆதலால் இயேசு தம் உயிரையே மீட்கும் பொருளாகத் தந்தார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். இதை நம்புவோர் இரட்சிக்கப்படுவர். கோட்பாட்டின் சுருக்கம் இவ்வளவே. குறைத்தும் கூறவில்லை, திரித்தும் கூறவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: அந்த விலை யாருக்குச் செலுத்தப்பட்டது?

கேள்வி நம்முடையது மட்டுமன்று. திருச்சபையின் பேரறிஞர்களையே அது பதினைந்து நூற்றாண்டுக் காலம் உறங்கவிடவில்லை. அடிமைச் சந்தைகள் நிறைந்த உரோமப் பேரரசில், அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் பணத்திற்குக் கிரேக்கத்தில் வழங்கிய சொல்லே நற்செய்தி நூலில் இயேசுவின் சாவுக்கும் வழங்கிற்று. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், விலையைப் பெற்றவன் சாத்தான் என்றார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார், தூண்டிலில் இரையை மாட்டி மீனைப் பிடிப்பதுபோலக் கடவுள் சாத்தானை ஏமாற்றினார் என்று விளக்கம் தந்தார். கடவுள் ஏமாற்றுவாரா என்று கேட்டது பின்வந்த தலைமுறை. 1098-இல் தம் நூலை முடித்த ஆன்செல்ம், சாத்தானுக்கு எதுவும் தரவேண்டியதில்லை, பழுதுபட்ட கடவுளின் மாண்புக்கே ஈடு தரப்பட்டது என்றார். குறுநில மன்னரும் குடிப்படையும் கோலோச்சிய காலம் அது. பிரபுவின் மானத்துக்கு ஈடு கேட்பது அன்றைய வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில், சட்டம் பயின்ற கால்வினின் கையில் அதே சிலுவை நீதிமன்றமாயிற்று. குற்றவாளிக்குரிய தண்டனையைக் குற்றமற்றவர் ஏற்றார் என்றாயிற்று.

சந்தை இருந்தபோது சந்தைக் கணக்கு. பிரபு இருந்தபோது பிரபுவின் மானம். நீதிமன்றம் வந்தபோது தண்டனைத் தீர்ப்பு! மாறாத மெய் என்று சொல்லப்பட்டது, மண்ணில் ஆட்சி மாறியபோதெல்லாம் உடை மாற்றிக்கொண்டது. வானத்திலிருந்து வந்த விளக்கமானால், பூமியின் விலைப்பட்டியலைப் பார்த்து ஏன் மாறவேண்டும்?

நம் நாட்டுக்கே வருவோம். சிதம்பரத்துக்கு மேற்கே, வீராணம் ஏரியை ஒட்டி, லால்பேட்டை இருக்கிறது. மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள இசுலாமியப் பெருமக்களும் இயேசுவை மதிக்கின்றனர். ஈசா நபி என்று போற்றுகின்றனர். ஆயினும் அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்பது குர்ஆனின் கூற்று. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதும் அந்நூலின் கூற்றே. அதே மாவட்டத்தில், கடலூர்த் தேவாலயத்தில், பெரிய வெள்ளியன்று அந்தச் சிலுவைச் சாவை நினைந்து உருகுகின்றனர் கிறித்தவப் பெருமக்கள். நடந்ததா, இல்லையா என்பதிலேயே இரண்டு விடைகள்! இரண்டுக்கும் இறைவாக்கே சான்று! நூலைக் காட்டி வழக்கை முடிக்க இயலாது. அறிவையும் அறத்தையும் கொண்டே முடிக்கவேண்டும். தன் சுமை தனக்கே என்பதை நாமும் ஏற்கிறோம். நூல் கூறுவதால் அன்று, நேர்மைக்கு ஒத்திருப்பதால்.

பிறப்பதற்கு முன்பே ஒருவன்மீது கடன் ஏற்றுவது நேர்மையா? இந்தக் காவிரிப் பாசனப் பகுதி அதன் கொடுமையை அறியும். தந்தை வாங்கிய கடனுக்குத் தனயன் பண்ணையில் உழைத்த காலம் இங்கு இருந்தது. 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஆளையும் விடுவித்தது, கடனையும் செல்லாததாக்கிற்று. யாரும் உயிரை விலையாகத் தரவேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. மனிதர் இயற்றிய சட்டத்துக்குத் தெரிந்த நியாயம், ஆதிப்பாவக் கோட்பாட்டுக்குத் தெரியவில்லையே!

இந்தக் கோட்பாட்டைத் தமிழில் காவியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறித்தவரானவர். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த நடை, ஆழ்வார் பாசுரங்களின் உருக்கம், பிறநாட்டுக் கதையைத் தமிழ் மரபில் நடமாடவிடும் வல்லமை: இவற்றை நாம் மறுக்கமாட்டோம். நல்ல தமிழ் எந்த முகாமில் இருந்தாலும் நல்ல தமிழே.

ஆனால் கதையின் உள்ளீடு என்ன? அழிவுக்கு உரிய நகரில் ஒருவன் வாழ்கிறான். அவன் முதுகில் பாவச் சுமை. நகரம் அழியப்போகிறது என்று அறிந்ததும் ஓடத் தொடங்குகிறான். மனைவி மக்கள் கூவி அழைக்க, காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதாகப் பனியன் எழுதினார். சிலுவையடியில் சுமை கழன்று விழுகிறது. பயணி முத்தி நகர் சேர்கிறான். அழியவிருந்த நகரம்? அது அப்படியே கிடக்கிறது! நகரைத் திருத்த முயன்றவன் ஒருவனும் கதையின் தலைவனாகவில்லை. தனி ஒருவன் தப்பிப் போவதற்கு மீட்பு என்று பெயரிட்டால், அங்கேயே அல்லலுறும் ஆயிரவருக்கு என்ன பெயர்?

இனி, உயிர்த்தெழுதல். கிறிஸ்து எழவில்லையெனில் விசுவாசமே வீண் என்று பவுலே ஒப்புக்கொண்டார். அத்தனை பாரத்தைச் சுமக்கும் செய்திக்குச் சான்று எப்படி இருக்கிறது? கல்லறையில் பெண்கள் கண்டது ஓர் இளைஞன் என்கிறார் மாற்கு. ஒரு தூதன் என்கிறார் மத்தேயு. இருவர் என்கின்றனர் லூக்காவும் யோவானும். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு ஏடுகளில், மாற்கின் நூல் பெண்கள் அஞ்சி ஓடுவதோடு முடிந்துவிடுகிறது. உயிர்த்தெழுந்தவர் காட்சி தரும் பகுதி அவற்றில் இல்லை. ஊராட்சித் தகராற்றிலேகூட இத்தகைய சாட்சியத்தை ஏற்போமா?

மாண்டார் எழுவர் என்ற நம்பிக்கை கடலூர் மாவட்டத்துக்குப் புதிதன்று. வடலூர் இராமலிங்க அடிகள், இறந்தோரை எரிக்காதீர், புதையுங்கள், அவர்கள் எழுப்பப்படுவர் என்றார். 1874 சனவரியில் மேட்டுக்குப்பத்து அறைக்குள் சென்றவர் திரும்பவில்லை, மாண்டாரும் எழவில்லை. ஆனால் 1867-இல் பசித்தோருக்காக அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, சோறு கிடைக்கிறது. அவர் விட்டுச்சென்ற இரண்டில் எது மெய்யான மீட்பு என்பதைப் பசித்தவனைக் கேளுங்கள்!

கிறித்தவத் தொண்டர்களிடமும் இதையே காண்கிறோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்தார், பள்ளி திறந்தார். எழுத்து மறுக்கப்பட்டவன் கையில் பலகை ஏறியபோது அங்கே மீட்பு நடந்தது. கண்ணால் கண்டோம், கணக்கில் கொண்டோம். ஆனால் ஆன்மாவை மீட்டதாகச் சொன்ன சபை, சாதியிலிருந்து மனிதனை மீட்டதா? வடக்கன்குளம் தேவாலயத்தின் உள்ளேயே சாதிச் சுவர் எழுந்து நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. முன்னாள் தென்னார்க்காட்டு எறையூரில், ஒரே செபமாலை உருட்டும் மக்களிடையே 2008 மார்ச்சில் மூண்ட சாதிக் கலவரத்தில், துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சவ ஊர்வலம் செல்லும் பாதையும் அங்கே வழக்காக இருந்தது. எல்லார்க்கும் ஒரே இரத்தம் சிந்தப்பட்டதென்றால், பிணத்துக்கு ஏன் தனிப் பாதை? இறுதி நாளில் எழுவோர் சாதிவாரியாகவா எழுவர்?

தோழர்களே! சிலுவையில் அறையப்பட்ட மனிதரை நாம் இகழவில்லை. வல்லாட்சியின் கையில் வதைபட்ட எவருக்கும் நம் நெஞ்சில் இடமுண்டு. அவர் சாவைக் கடன்தீர்த்த சீட்டாக்கி, பிறந்த குழந்தையின் தலையில் முதலில் கடனை எழுதும் கோட்பாட்டையே மறுக்கிறோம். அதே கடன் இங்கே சாதி என்ற பெயரிலும், கருமவினை என்ற பெயரிலும் எழுதப்படுகிறது. ஆதனூர் நந்தனைத் தில்லையில் தீக்குளிக்கவைத்த கதையும் அந்தக் கணக்கைச் சேர்ந்ததே. இழிவு செய்தவன் நின்று பார்க்க, இழிவுற்றவன் எரிந்து தூய்மையானான்!

எவர் வந்து மீட்பு விற்றாலும், இளைஞர்களே, முதலில் கடன் பத்திரத்தைக் கேளுங்கள். எழுதியவன் யார், சாட்சி யார், பெறுபவன் யார் என்று கேளுங்கள். பிறகு, அழியவிருக்கும் நகரைவிட்டு ஓடாமல், அங்கேயே நின்று சுவரை இடிக்கக் கை கொடுங்கள்!