4294967297: எந்தப் பெயர் தகும்?

4294967297 என்ற எண்ணுக்குப் பட்டங்களுக்குக் குறைவில்லை. பகு எண், குறைவெண், போலிப் பகா எண், ஃபெர்மா எண், இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகை. எல்லாமே உண்மைதான். ஆனால் ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்கு ஒன்றைப் போட முடியாவிட்டால் அந்தப் பெயரால் என்ன பயன்? இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

குறைவெண் முதல் உரசலிலேயே வெளுத்துவிடுகிறது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 6701059தான் வருகிறது. எண்ணோ எங்கேயோ இருக்கிறது. ஆனால் நம் எண்ணைப் போல இரண்டு வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கினால் கிடைப்பவற்றில், 6 ஒன்றைத் தவிர எல்லாமே குறைவெண்கள்தாம். மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் போர்த்திய பொன்னாடை இது.

போலிப் பகா எண் என்ற பெயரில் கொஞ்சம் சுவை உண்டு. ஒற்றைப்படைப் பகா எண் ஒவ்வொன்றும் தேறும் ஒரு சோதனையை ஃபெர்மா 1640இல் சொன்னார்: எண்ணில் ஒன்றைக் குறைத்து, 2ஐ அத்தனை அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். நம் எண் பகா எண் அல்ல, ஆனாலும் தேறிவிடுகிறது. ஆனால் ஃபெர்மா எண்கள் எல்லாமே தேறுகின்றன. ஆகவே இந்தப் பெயர் எண்ணின் குணத்தைவிடச் சோதனையின் ஓட்டையைத்தான் சொல்கிறது.

பகு எண் என்ற பெயரோ உடைபடும் என்று மட்டுமே சொல்கிறது, எதால் என்று சொல்வதில்லை. அதையும் தள்ளினால் மிஞ்சுவது இரண்டு. நம் எண் 2³²+1. இப்படி 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1ஐக் கூட்டினால் வருபவையே ஃபெர்மா எண்கள். இதே வார்ப்பில் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்களாக இருந்ததால் இதுவும் அப்படியே என்று ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். குருட்டுத் தேடல் அல்ல. இதன் பகாக் காரணி 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். 193, 257, 449, 577, அடுத்தது 641. பின்னால் கணிதர் லூக்கா 64ஐ 128 ஆக்கினார். அப்போது 641க்கு முன் நிற்கும் பகா எண் 257 மட்டுமே; அதுவே ஃபெர்மா எண், ஃபெர்மா எண்கள் இரண்டுக்குப் பொதுக் காரணி கிடையாது. ஆக, ஒரே வகுத்தலில் வேலை முடிகிறது!

இனி வர்க்கங்கள். 65536² + 1² ஒரு வழி. 62264² + 20449² இன்னொரு வழி. இரு வழி இருந்தாலே எண் பகு எண்தான். ஒற்றைப்படை அடிகளின் வித்தியாசம் 20448, இரட்டைப்படை அடிகளின் வித்தியாசம் 3272. மீப்பெரு பொதுக் காரணி 8. கூட்டுத்தொகைகள் 20450, 127800, அவற்றுக்கு 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 641. அழகில் இதை மிஞ்ச ஆளில்லை.

இருந்தும் முதலிடம் ஃபெர்மா எண்ணுக்கே. 62264ஐ யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் வர்க்கங்கள் வாய் திறக்கும். 2³²+1 என்ற வடிவமோ 641 இருக்கும் தெருவையே காட்டிவிடுகிறது. அதே வடிவம்தான் ஃபெர்மாவை ஏமாற்றியது என்பதும் என் கணக்கில் இருக்கிறது. அவர் ஐந்து எண்களைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார். ஆய்லர் வகுத்துப் பார்த்தார்.