காலனியும் காலனியமும்

பின்காலனியம் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. ஃபனான் வந்தார், எட்வர்ட் செய்த் வந்தார். வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போகிறது. கிளியனூர்ப் பக்கம், திண்டிவனம் – புதுச்சேரி சாலையை ஒட்டிய ஊர்களில், யாரிடமாவது 'காலனி' என்று சொல்லிப் பாருங்கள். யாரும் பிரெஞ்சுக்காரனை நினைக்கமாட்டார்கள். 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான். ஆனாலும் இங்கே கேள்வி வேறு: "நீ ஊரா, காலனியா?" விலாசம் கேட்பதுபோல இருக்கும். கேட்பது சாதியை.

கோட்பாட்டுக் கட்டுரையில் வருகிற காலனியும் கிராமத்துக் காலனியும் ஒரே சொல். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத காலனிய விமர்சனம் பாதி விமர்சனம்தான் என்பது என் கட்சி.

லத்தீனில் 'கொலெரெ' என்றால் உழுவது, குடியிருப்பது, வழிபடுவது. அதிலிருந்து வந்த 'கொலோனுஸ்' உழவனைக் குறித்தது. 'கல்ச்சர்' என்று நாம் மேடையில் முழங்குகிற சொல்லுக்கும் இதுதான் வேர். ரோமானியர்கள் பிடித்த நாட்டில் படைவீரர்களுக்கு நிலம் பிரித்துக்கொடுத்துக் குடிவைத்த இடம் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன், இங்கிலாந்தின் லிங்கன் ஆகிய நகரப் பெயர்களில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு கடல் கடந்து பிடித்த நாடுகளெல்லாம் காலனி ஆயின. உயிரியல்காரர்களுக்கு எறும்பும் பாக்டீரியாவும் காலனி. நம் நகரங்களில் ரெயில்வே காலனி, பேங்க் காலனி. டெல்லியில் டிஃபென்ஸ் காலனி. அங்கெல்லாம் காலனியில் வீடு என்பது கௌரவம்.

ஆக, ரோமில் ஜெயித்தவன் குடியேறிய இடம் காலனி. விழுப்புரம் மாவட்டத்தில் தோற்கடிக்கப்பட்டவர்களை ஒதுக்கிவைத்த இடம் காலனி. சொல் தலைகீழாகிவிட்டதா? அப்படித் தோன்றும். ஆனால் கொலோனுஸின் பின்கதையைப் பாருங்கள். பிற்கால ரோமில் அவன் பண்ணையை விட்டு நகர முடியாதவன் ஆகிறான். ஓடிப்போக நினைக்கிற கொலோனுஸைச் சங்கிலியில் பூட்டலாம் என்று 332இல் கான்ஸ்டன்டைன் சட்டமே போட்டான். உழுகிறவன் படியாளான கதை நமக்குப் புதுசு இல்லை. ஊர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துப் போட்டவர்கள் யார்? மூல அர்த்தத்தின்படி உழவர்கள் இருக்கிற இடம் காலனிதான். நிலம் மட்டும் அவர்களுடையது இல்லை.

இதை வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட முடியாது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. இத்தனைக்கும் சேரி என்பது அன்றைக்கு வசைச்சொல் இல்லை; பிராமணர் குடியிருப்புகளுக்கும் சோழர் காலத்தில் சேரி என்ற பெயர் உண்டு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கை, பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்ற நிலைமையைப் பேசியது. 1920களில் தொழிலாளர் ஆணையர் மூலம் அரசு மனை வாங்கித் தந்தது. 1978இல் அரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டமே வந்தது. மனைப்பட்டா, தொகுப்பு வீடு, வாசலில் ஒரு பலகை: அரிஜன காலனி. பிறகு ஆதிதிராவிடர் காலனி. பேச்சில் முன்னொட்டு உதிர்ந்துபோய் 'காலனி' மட்டும் மிஞ்சியது. சேரி என்ற சொல்லின் இழிவைத் துடைக்க வந்த ஆங்கிலச் சொல்லே இழிவாகிப்போனது.

சுவரெழுத்துகளில் இது சில இடங்களில் 'காலணி' என்று இருக்கும். தமிழாசிரியர்கள் பிழை என்பார்கள். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவைக்கப்பட்டவர்களின் வீட்டுச் சுவரில் அதை வெறும் எழுத்துப்பிழையாக என்னால் வாசிக்க முடியவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். பேர்ல என்ன இருக்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். வேலைக்கு மனுப்போடும்போது விலாசத்திலேயே சாதியை எழுதித் தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்ததில்லை. அறிவிப்பு சரியானது, வரவேற்கிறேன்.

ஆனால் சேரி போய் அரிஜன காலனி, அது போய் ஆதிதிராவிடர் காலனி என்று பெயர் ஏற்கெனவே மாறிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு புதுச் சொல்லும் சில வருஷங்களில் அழுக்காகிறது. அழுக்கு சொல்லில் இல்லை. ஊருக்கும் அதற்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் இருக்கிறது. இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன தலித் இளைஞர்கள் அடிபட்டார்கள். ஜூனில் கோவிலுக்கே சீல் வைக்கவேண்டி வந்தது. பலகையை மாற்றினால் அந்தக் கோவில் வாசலோ, சுடுகாட்டுப் பாதையோ, கைமாறிப்போன பஞ்சமி நிலமோ திரும்பி வந்துவிடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பலகைகளில் ஊருக்கு வெறும் பெயர். காலனிக்குப் பெயரோடு ஒரு ஒட்டு. ஊர் தன்னை ஊர் என்று எழுதிக்கொள்வதே இல்லை. அடையாளம் தேவைப்படாமல் இருப்பதுதான் அதிகாரம். காலனி என்று ஒன்று இருந்தால் அதை ஆள்கிறவன் ஒருவன் இருந்தாகவேண்டும். இங்கே அவன் கப்பலில் வந்தவனில்லை, திரும்பிப் போகிறவனும் இல்லை. பின்காலனியம் எழுதுகிற நண்பர்கள் இனி ஊரைப் பற்றி எழுதட்டும். பலகையிலிருந்து அந்தச் சொல் போகட்டும். நம் விமர்சனத்திலிருந்து அதை இப்போதைக்கு எடுக்க முடியாது.