வீடு என்னும் அரண்

புலம்பெயர்ந்தோர்க்கு வீடு வெறும் உறைவிடமன்று. புதிய மண்ணிற் காலூன்றியமைக்குச் சான்றுமாகும். அச்சான்றுக்கு மனிதர் கொடுக்கும் விலையைக் கூறுவது, போல் மார்ஷல் 1959இல் வெளியிட்ட ‘பிரவுண் கேர்ள், பிரவுண்ஸ்ரோன்ஸ்’ என்னும் நாவல்.

பார்படோஸ் தீவிலிருந்து நியூயோர்க்கின் புரூக்ளினுக்கு வந்த கறுப்பின மக்கள், வெள்ளையர் விட்டகன்ற பழுப்புக்கல் வீடுகளை வாங்க முனைகின்றனர். வீட்டுரிமையாளர் சங்கமும் அமைக்கின்றனர். சில்லா அத்தகையதொரு வீட்டுக்காகத் துடிக்கிறாள். கணவன் டீட்டனோ ஊரிலே தனக்குக் கிடைத்த காணியில் வீடு கட்டக் கனவு காண்கிறான். அவனறியாமல் அவள் அக்காணியை விற்கிறாள். பின்னர் அவனையே குடிவரவு அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கிறாள். நாடுகடத்தப்பட்டவன் தாயகக் கரையருகே கடலில் மாள்கிறான்.

சில்லாவைப் பேராசைக்காரியென ஒதுக்குதல் பொருந்தாது. நிறவெறிச் சமூகத்தில் உடைமையே காப்பென அவள் கருதியதில் நியாயமுண்டு. ஆயின், அவ்வரணிலிருந்தே அறைவாடகைக்கிருந்த தன் நாட்டுப் பெண்ணொருத்தியையும் அவள் வெளியேற்றுகிறாள். இனத்தைக் காக்க எழுந்த சுவர் இனத்தையே பிரிக்கிறது.

மகள் செலினா சங்கம் வழங்கிய புலமைப்பரிசிலை மறுக்கிறாள். தன் வெள்ளிக்காப்புகளுள் ஒன்றை இடிபாடுகளிடையே எறிந்து புறப்படுகிறாள். மற்றது கையிலேயே இருக்கிறது. அவள் மறுத்த வாழ்வே அவளை வளர்த்தது. இம்முரணை ஆசிரியர் மறைக்கவில்லை. நாவலின் வலிமை அதுவே.